சமையலறைக் கரப்பானும் சாக்கடைக் கரப்பானும்: வீட்டிலிருந்து ஒழிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பிரே டப்பாவைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: உங்கள் வீட்டில் இருப்பது எந்தக் கரப்பான்? பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. கண்ணில் பட்டதும் மருந்தை அடிக்கிறோம், நாலைந்து மல்லாந்து விழுகின்றன, ஒரு வாரம் நிம்மதி, பிறகு பழைய கதை. ஆண்டுக்கணக்கில் இப்படியே மருந்துக்குப் பணம் கொடுத்து, அந்த மருந்தைக் குழந்தைகளோடு சேர்ந்து சுவாசித்துக்கொண்டிருக்கும் குடும்பங்களைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. இந்தப் பூச்சியை வீட்டிலிருந்து ஒழிக்க முடியும். அதற்கு மருந்தின் அளவைவிட வேலையின் வரிசைதான் முக்கியம்.

முதல் படி: எது என்று அடையாளம் காணுங்கள்

நம் வீடுகளில் தொல்லை தருபவை முக்கியமாக இரண்டு இனங்கள். பிடிக்க வேண்டிய இடமும் வழியும் இரண்டுக்கும் வேறு வேறு.

முதலாவது, சமையலறையில் குடியிருக்கும் சிறிய வகை. வெளிர் பழுப்பு நிறம், ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள். பெயர் ஜெர்மன் கரப்பான். ஆனால் அதன் பூர்வீகம் நம் பக்கம்தான். வங்காள விரிகுடாவை ஒட்டி இந்தியாவிலோ மியான்மரிலோ, ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் ஆசியக் கரப்பானிலிருந்து இது பிரிந்தது என்று 2024-இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. மனிதர் வீட்டை விட்டால் இதற்குப் போக்கிடம் இல்லை. பிறப்பு, வளர்ப்பு, சாவு எல்லாம் உங்கள் அலமாரி இடுக்கில்தான். ஒரு முட்டைக்கூட்டில் 30 முதல் 40 முட்டைகள் இருக்கும். பொரிக்கும் நேரம் நெருங்கும் வரை தாய் அந்தக் கூட்டை வால் பக்கம் சுமந்துகொண்டே திரியும். நம் ஊர் வெப்பத்தில் குஞ்சு வளர்ந்து தாயாக இரண்டு மூன்று மாதம் போதும். நான்கு கரப்பான்கள் ஒரு கூட்டமாக மாறும் வேகம் இதனால்தான்.

இரண்டாவது, சாக்கடையிலிருந்து ஏறி வரும் பெரிய வகை. செம்பழுப்பு நிறம், மூன்றரை நான்கு சென்டிமீட்டர் நீளம், கழுத்துத் தகட்டின் ஓரத்தில் மஞ்சள் வளையம், சமயத்தில் பறக்கவும் செய்யும். இதற்கு அமெரிக்கக் கரப்பான் என்று பெயர். வந்ததோ ஆப்பிரிக்காவிலிருந்து, கப்பல்கள் வழியாக. கழிவுநீர்க் குழாய், சேம்பர், செப்டிக் டேங்க், மழைநீர்க் கால்வாய் ஆகியவை இதன் ஊர். உங்கள் வீட்டுக்கு இது விருந்தாளிதான். முட்டைக்கூட்டில் 15 முட்டை அளவுக்கே இருக்கும். வளர்ந்து முதிர அரை ஆண்டுக்கு மேல் ஆகும்.

மூன்றாவதாக ஒன்றும் சில வீடுகளில் உண்டு: பழுப்புப் பட்டைக் கரப்பான். சிறியது, சிறகில் குறுக்குப் பட்டைகள் கொண்டது. ஈரம் அதிகம் தேவைப்படாததால் சுவர்க்கடிகாரத்தின் பின்புறம், பரண், தொலைக்காட்சிப் பெட்டி, சுவிட்ச் பாக்ஸ் என்று உயரமான, உலர்ந்த இடங்களில் இருக்கும். சமையலறையை எவ்வளவு துடைத்தும் படுக்கையறையில் சிறிய கரப்பான் தென்பட்டால் இதைச் சந்தேகியுங்கள்.

எப்போதாவது வெள்ளை வெளேர் என்று ஒன்று ஓடினால் புது இனம் என்று பயப்பட வேண்டாம். சட்டை உரித்த கரப்பான் சில மணி நேரம் அப்படித்தான் இருக்கும். ஆனால் அது உங்களுக்கு ஒரு தகவல் தருகிறது: இங்கே வளர்ந்துகொண்டிருக்கிறது.

குஞ்சுகளும் பெரியவையும் கலந்து சமையலறையில் தெரிந்தால் முதல் வகை. கரப்பான் தின்று சாகும் மருந்தான ஜெல் வைக்க வேண்டும். இரவில் குளியலறையிலோ வாசலிலோ ஒன்றிரண்டு பெரியவை மட்டும் தெரிந்தால் இரண்டாம் வகை; வழியை அடைக்க வேண்டும். சாக்கடையிலிருந்து வருவதற்குச் சமையலறையில் ஜெல் வைப்பதும், சமையலறையில் பெருகுவதற்குக் குளியலறையில் ஃபீனைல் ஊற்றுவதும் வீண்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்

அருவருப்பு ஒருபுறம் இருக்கட்டும். சாக்கடையிலும் குப்பையிலும் நடந்த கால்கள் தட்டில் நடக்கின்றன. சால்மொனெல்லா போன்ற கிருமிகளை உணவுக்குக் கொண்டுவருகின்றன. அதைவிடப் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாதது. கரப்பானின் எச்சம், உமிழ்நீர், உதிர்ந்த தோல் எல்லாம் தூளாகிக் காற்றில் கலந்து ஒவ்வாமையைக் கிளப்பும். அமெரிக்க நகரங்களின் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழும் ஆஸ்துமா குழந்தைகளிடம் நடத்திய பெரிய ஆய்வு ஒன்று 1997-இல் வெளியானது. கரப்பான் ஒவ்வாமையும், படுக்கையறையில் கரப்பான் தூளும் சேர்ந்து இருந்த குழந்தைகளே அதிகமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்று அது காட்டியது. வீட்டில் இரைப்புக் குழந்தையோ முதியவரோ இருந்தால் இந்த வேலையை அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாம் படி: டார்ச்சோடு ஓர் இரவு

விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, எல்லோரும் படுத்த பிறகு, டார்ச்சோடு சமையலறைக்குப் போங்கள். ஓடுகிற கரப்பானைத் துரத்த வேண்டாம். அது எங்கே போய் மறைகிறது என்று மட்டும் பாருங்கள். அந்த இடம்தான் உங்களுக்குத் தேவை.

வளர்ந்த சமையலறைக் கரப்பானுக்கு அரை சென்டிமீட்டர் இடைவெளி போதும். குஞ்சுக்கு இரண்டு மில்லிமீட்டரே தாராளம். முதுகும் வயிறும் இரண்டு பக்கமும் உரசும்படி நெருக்கிக்கொண்டு இருப்பதே அதற்குப் பிடிக்கும். எனவே திறந்த இடத்தை விட்டுவிட்டு இடுக்குகளைப் பாருங்கள். சிங்க்குக்குக் கீழே உள்ள கதவைத் திறந்து கீல் பொருந்தும் இடத்தில் டார்ச் அடியுங்கள். உடல் தெரியாவிட்டாலும் மெல்லிய மீசைகள் இரண்டு வெளியே நீண்டு அசைவது தெரியும். ஃபிரிட்ஜ் கதவு ரப்பரின் மடிப்பை விரல் நகத்தால் விரித்துப் பாருங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கம்ப்ரெஸர் உட்கார்ந்திருக்கும் தட்டில் சூடும் ஈரமும் எப்போதும் இருக்கும். அதைவிட வசதியான வீடு கரப்பானுக்குக் கிடையாது.

நம் சமையலறைகளுக்கே உரிய சில இடங்கள் உண்டு. வெட் கிரைண்டரின் அடிப்பாகத்தில், மாவு வழிந்து காய்ந்து ஒட்டியிருக்கும் பகுதி. மிக்ஸியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் மோட்டாருக்குக் காற்றுப் போகும் துளைகள். அலமாரித் தட்டில் பல ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக விரித்த செய்தித்தாள்கள். மேலே இருப்பது சுத்தமாக இருக்கும், நான்காவது தாளைத் தூக்கினால் தெரியும். எண்ணெய்த் தூக்கு வைக்கும் இடத்தில் பிசுபிசுவென்று படிந்த வட்டம். பூஜை மாடத்தின் மரத்தடுப்புக்குப் பின்னால், விளக்கெண்ணெயும் நைவேத்தியத் துணுக்கும் சேரும் மூலை. பூஜை இடத்தைப் பெரும்பாலும் யாரும் சந்தேகப்படுவதில்லை. அங்கேதான் ஆண்டுக்கணக்கில் பிழைத்துக் கிடக்கும்.

டீத்தூள் சிந்தியதுபோல் கறுப்புப் பொடி இருந்தால் அது எச்சம். மாத்திரை வடிவில் பழுப்பு நிறக் கூடுகள், காய்ந்த தோல்கள், மூடிய அலமாரியைத் திறந்ததும் அடிக்கும் எண்ணெய்ச் சிக்கு வாடை ஆகியவையும் அடையாளங்கள். பகலிலேயே நடமாடுகின்றன என்றால் உள்ளே இடம் பற்றாமல் வெளியே தள்ளப்படுகின்றன என்று அர்த்தம், கூட்டம் பெரிது.

கண்ணை மட்டும் நம்பாமல் ஒட்டும் அட்டைப் பொறி ஆறேழு வாங்கி, சுவரும் தரையும் சேரும் மூலைகளில் சுவரைத் தொட்டபடி வையுங்கள். கரப்பான் சுவரோரமாகவே நடக்கும்; தரை நடுவில் வைத்த பொறி காலியாகவே இருக்கும். ஒவ்வொரு பொறியின் மேலும் தேதியையும் இடத்தையும் எழுதுங்கள். இரண்டு மூன்று இரவு கழித்து எடுத்தால் எந்த மூலையில் அதிகம் விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். மருந்து அங்கேதான் போக வேண்டும். பொறி கிடைக்காவிட்டால் வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டிலில் ஒரு ரொட்டித் துண்டைப் போட்டு, உள் விளிம்பில் வாசலின் தடவி, வெளிப்பக்கம் ஏறுவதற்குக் காகிதம் சுற்றி வையுங்கள். உள்ளே விழுந்தது வழுக்கி மேலே வராது.

மூன்றாம் படி: தண்ணீரை நிறுத்துங்கள்

சாப்பாடு இல்லாமல் கரப்பான் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் முடியாது. ஆகவே சுத்தம் என்றதும் தரையை ஃபீனைல் போட்டுத் துடைக்கத் தொடங்காமல், இரவில் சமையலறையில் எங்கெல்லாம் ஈரம் நிற்கிறது என்று பாருங்கள். சொட்டும் குழாய், சிங்க்குக்கு அடியில் கசியும் இணைப்பு, பாத்திரம் கவிழ்க்கும் கூடையின் தட்டு, குடிநீர் சுத்திகரிப்பான் கழிவு நீர் விடும் குழாய், ஈரமான கைப்பிடித் துணி, ஊறவைத்த பாத்திரங்கள். படுக்கப் போகுமுன் சிங்க்கை ஒரு பழைய துணியால் உலரத் துடைத்து, அந்தத் துணியை வெளியே கொடியில் போடுவது சின்ன வேலைதான்; பலன் பெரிது. எச்சில் பாத்திரங்களை இரவே கழுவ முடியாத நாளில் சோப்புத் தண்ணீரில் மூழ்கும்படியாவது வையுங்கள்.

அடுத்தது பசை. கேஸ் அடுப்பைத் தூக்கி அடியில் துடையுங்கள். பர்னருக்குக் கீழே உள்ள தட்டைக் கழற்றிக் கழுவுங்கள். கிரைண்டர், மிக்ஸி அடிப்பாகத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். அலமாரித் தாள்களை மொத்தமாக எடுத்து எறிந்துவிட்டுத் தட்டை வெறுமையாக விடுங்கள், அல்லது துடைக்கக்கூடிய விரிப்பைப் போடுங்கள். மாவு, ரவை, சர்க்கரை, பிஸ்கட், நாய் பூனைக்கான உணவு எல்லாம் இறுக மூடும் டப்பாவுக்குப் போகட்டும். கிளிப் போட்ட பிளாஸ்டிக் பை போதாது. குப்பைக் கூடைக்கு மூடி வேண்டும். இரவே வெளியே போக வேண்டும்.

கரப்பான் வீட்டுக்குள் வரும் பெரிய வழி ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. அது அட்டைப்பெட்டி. மளிகைக் கடையிலிருந்தும் கூரியரிலும் வரும் நெளி அட்டையின் உள்மடிப்புகள் குஞ்சுக்கும் முட்டைக்கூட்டுக்கும் அளவெடுத்துச் செய்த அறைகள். பெட்டியை வாசலிலேயே பிரித்துச் சாமானை மட்டும் உள்ளே எடுங்கள். பரணில் 'எதற்காவது ஆகும்' என்று சேர்த்துவைத்த பெட்டிகளை இன்றே பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள். வீடு மாறும்போது ஃபிரிட்ஜும் கிரைண்டரும் பழைய வீட்டுக் கூட்டத்தைச் சுமந்துகொண்டு வரும். லாரியில் ஏற்றுவதற்கு முன்பே துடைத்து, தட்டிப் பார்த்து ஏற்ற வேண்டும்.

வேக்குவம் கிளீனர் வைத்திருப்பவர்கள் இடுக்கு முனையைப் பொருத்தி, டார்ச்சில் கண்டுபிடித்த இடங்களில் உறிஞ்சி எடுக்கலாம். பூச்சி, முட்டைக்கூடு, எச்சத் தூள் மூன்றும் ஒரே முறையில் போகும். பையை உடனே கட்டி வெளியே போட்டுவிட வேண்டும். இரைப்பு உள்ளவர்கள் அந்த நேரத்தில் அறையில் இருக்கக் கூடாது.

நான்காம் படி: ஜெல்

சமையலறைக் கரப்பானுக்கு இன்று வீட்டில் இருப்பவர்கள் கையாளக்கூடிய மிகச் சிறந்த மருந்து ஜெல்தான் என்பது என் உறுதியான கருத்து. ஊசிக்குழாயில் அடைத்து விற்பார்கள். இந்தியாவில் பரவலாகக் கிடைப்பவை 0.05 சதவீத ஃபிப்ரோனில், 2.15 சதவீத இமிடாகுளோப்ரிட் ஜெல்கள்.

ஜெல்லின் பலமே அது உடனே கொல்லாததுதான். தின்ற கரப்பான் தன் இடுக்குக்குத் திரும்பிப் போய்ச் சாகிறது. அங்கே அதன் எச்சத்தையும், செத்த பின் உடலையும் மற்றவை தின்கின்றன. இளங்குஞ்சுகள் வெளியே அதிகம் வருவதில்லை. பெரியவற்றின் எச்சத்தைத் தின்றே வளர்கின்றன. ஸ்பிரே எட்டவே எட்டாத அந்தக் குஞ்சுகளையும் ஜெல் இப்படிப் பிடித்துவிடுகிறது.

வைக்கும் முறையில்தான் பலர் தோற்கிறார்கள். நான்கு இடத்தில் பட்டாணி அளவு அப்பிவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். புள்ளி சிறியதாகவும் எண்ணிக்கை அதிகமாகவும் இருக்க வேண்டும். கடுகைவிடப் பெரிதாக, மிளகைவிடச் சிறிதாக ஒரு புள்ளி. கரப்பான் உணவைத் தேடி வெகுதூரம் நடக்காது. அது மறைந்திருக்கும் இடுக்கின் வாயிலிலேயே புள்ளி இருக்க வேண்டும். அலமாரிக் கதவின் ஒவ்வொரு கீலிலும் ஒன்று, டிராயர் ஓடும் தண்டவாளத்தின் உள்கோடியில் ஒன்று, சிங்க்கின் அடிவிளிம்பில், குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில், ஃபிரிட்ஜின் பின்கீழ் மூலைகளில், கல் மேடையின் அடிப்பக்க விளிம்பில், கிரைண்டர் நிற்கும் மூலையில். உங்கள் பொறிகள் நிறைந்த இடங்களில் இரட்டிப்பாக. மின்சாதனங்களைப் பிளக்கிலிருந்து கழற்றிய பிறகே அவற்றின் வெளிப்புறத்தில் வைக்க வேண்டும். உட்புறச் சுற்றுகளில் வைக்கக் கூடாது. உணவு படும் மேடைமேல், பாத்திரத் தட்டில் ஒருபோதும் கூடாது.

மாலையில் சமையல் முடிந்து துடைத்த பிறகு வையுங்கள். மேடையில் சாம்பார் சொட்டு இருந்தால் அது ஜெல்லுக்குப் போட்டி. அதன்பின் அந்த இடங்களில் ஸ்பிரே, ஃபீனைல் கலந்த துடைப்புத் தண்ணீர் எதுவும் படக் கூடாது. மருந்து வாடை பட்ட ஜெல்லைக் கரப்பான் தொடாது. ஜெல்லும் ஸ்பிரேயும் சேர்த்தால் இரட்டைப் பலன் என்று நினைத்து இரண்டையும் கெடுத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

மூன்று நான்கு நாட்களில் தரையில் செத்துக் கிடப்பவை தெரியும். தடுமாறிக்கொண்டு பகலிலேயே வெளியே வருபவையும் தெரியும். பெருகிவிட்டது என்று பதறி அப்போது ஸ்பிரேயைத் தூக்காதீர்கள். ஒரு வாரம் கழித்துப் புள்ளிகளைப் பாருங்கள். தின்று தீர்த்த இடத்தில் மறுபடி வையுங்கள். தொடாத இடத்தை விட்டு வேறு இடம் மாற்றுங்கள். நம் வெயிலில் ஜெல் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்ததைச் சுரண்டிவிட்டுப் புதிது வைக்க வேண்டும். எறும்பு மொய்க்கும் இடமென்றால் முதலில் எறும்பு வரிசையைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள்.

முட்டைக்கூட்டுக்குள் இருப்பவற்றை எந்த ஜெல்லும் தொடாது. அவை பொரிந்து வந்து தின்னும்போதுதான் சாகும். எனவே மொத்த வேலைக்கு ஆறு முதல் எட்டு வாரம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரத்தில் எதுவும் தெரியவில்லை என்று நிறுத்திவிடுவதுதான் திரும்ப வருவதற்குக் காரணம்.

ஒரே ஜெல்லை ஆண்டுக்கணக்கில் தொடர்வதும் சரியல்ல. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சில சமையலறைக் கரப்பான்கள் மருந்து கலந்த இரையைத் தொடாமல் விலகிப் போவதைக் கவனித்தார்கள். இரையில் சேர்த்திருந்த குளுக்கோஸ்தான் காரணம். அந்தக் கரப்பான்களுக்குக் குளுக்கோஸ் கசப்பாகத் தெரிகிறது என்பதை 2013-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு நரம்பு வரை போய்க் காட்டியது. மருந்தில் தப்பியதன் பிள்ளைகளே அடுத்த கூட்டம் என்பதால் இப்படி நடக்கிறது. ஒரு ஜெல் முடிந்ததும், அடுத்த முறை வேறு மருந்துப் பொருள் கொண்ட ஜெல்லை வாங்குங்கள். பிராண்டு மாறினால் போதாது. டப்பாவின் பின்னால் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயர் மாற வேண்டும்.

போரிக் பவுடர்

கேரம் போர்டில் தூவுகிற அதே போரிக் பவுடர், மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும். நன்றாகவே வேலை செய்யும். கரப்பான் அதன்மேல் நடந்து, பிறகு கால்களையும் மீசையையும் வாயால் சுத்தம் செய்யும்போது அது வயிற்றுக்குள் போகிறது. சாகச் சில நாட்கள் பிடிக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அளவு மெல்லியதாகத் தூவ வேண்டும். குவித்து வைத்தால் சுற்றிக்கொண்டு போய்விடும். ஈரம் பட்டுக் கட்டிதட்டினால் பயனில்லை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால், மர அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, குழாய் நுழையும் ஓட்டைக்குள் என்று உலர்ந்த, கை எட்டாத இடங்களுக்கு மட்டும்.

கோதுமை மாவு, சர்க்கரை, போரிக் சேர்த்து உருண்டை பிடித்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. போரிக் அளவு மீறினால் கரப்பான் தின்னாது. அதைவிட முக்கியம், தவழும் குழந்தைக்கு அது இனிப்பு உருண்டை. போரிக் வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு நஞ்சு. சிறு குழந்தையோ செல்லப்பிராணியோ உள்ள வீட்டில் உருண்டை வேண்டவே வேண்டாம். சாக்பீஸ் வடிவில் விற்கும் பூச்சிக்கொல்லியையும் இதே காரணத்துக்காக நான் வீட்டுக்குள் அனுமதிக்க மாட்டேன். எந்தக் குழந்தையும் அதை எழுதுகோல் என்றுதான் எடுக்கும்.

ஐந்தாம் படி: சாக்கடை வழியை அடைப்பது

பெரிய கரப்பானுக்கு மருந்து இரண்டாம் பட்சம். கழிவுநீர்க் குழாய்க்கும் உங்கள் அறைக்கும் நடுவே இருக்க வேண்டிய தண்ணீர்த் தடுப்பு எங்கே உடைந்திருக்கிறது என்று தேடுங்கள்.

குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் இடத்தில் நானி ட்ராப் என்று பிளம்பர்கள் சொல்லும் அமைப்பு இருக்கும். ஜாலியைத் தூக்கினால் உள்ளே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் கதவு. பழைய அமைப்புகளில் உள்ளே கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு மூடி உண்டு. முடி அடைத்துத் தண்ணீர் மெதுவாகப் போகிறது என்று யாரோ ஒரு நாள் அதைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். அன்று முதல் சாக்கடைக்கும் வீட்டுக்கும் தடுப்பே கிடையாது. முதலில் இதைப் பாருங்கள். கிண்ணம் இல்லையென்றால் வாங்கிப் பொருத்துங்கள். அல்லது கரப்பான் தடுக்கும் மூடியுள்ள எவர்சில்வர் ஜாலியைப் போடுங்கள்.

பயன்படுத்தாத குளியலறையில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். விருந்தினர் குளியலறையிலேயே பெரிய கரப்பான் அதிகம் வருவதற்கு இதுதான் காரணம். வாரம் ஒரு முறை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள், ஆவியாவது மட்டுப்படும்.

அடுத்து, சிங்க்கிலிருந்து இறங்கும் வளைகுழாய். பெரும்பாலான வீடுகளில் அதைச் சுவரிலோ தரையிலோ இருக்கும் அகலமான குழாய்க்குள் சும்மா செருகியிருப்பார்கள். சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி. கரப்பானுக்கு அது ராஜபாட்டை. ரப்பர் வாஷரோ எம்-சீலோ வைத்து அடையுங்கள். வாஷிங் மெஷின் கழிவுக் குழாயும் ஏ.சி. தண்ணீர்க் குழாயும் இதே கதைதான். கழிவறைக் குழாய்கள் சுவருக்குள் போகும் ஓட்டைகளைச் சிமெண்ட்டால் பூசுங்கள். வாசல் கதவின் அடியில் வெளிச்சம் தெரிந்தால் ரப்பர் பட்டை அடியுங்கள்.

தனி வீடு என்றால் வெளியே வாருங்கள். சேம்பர் மூடி உடைந்திருக்கிறதா, ஓரம் பூசியிருக்கிறதா? செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் நுனியில் நைலான் வலை கட்டியிருக்கிறதா? சுவரோரம் தேங்காய் மட்டை, விறகு, பழைய டைல்ஸ் குவிந்திருக்கிறதா? ஐப்பசி கார்த்திகை மழையில் சாக்கடை நிரம்பும்போது உள்ளே இருப்பவை உயரமான இடம் தேடி உங்கள் குழாய் வழியாகத்தான் ஏறும். இந்த வேலைகளைப் புரட்டாசியிலேயே முடித்துவிடுவது நல்லது.

இதையெல்லாம் செய்தபின் ஜன்னலோரம் ஒரு கறுப்புக் குளவி தென்பட்டால் அடிக்காதீர்கள். நீண்ட கால்கள், உடம்புக்குப் பொருந்தாத சின்னஞ்சிறு வயிறு, அதை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடக்கும். அது நம்மைக் கொட்டாது. பெரிய கரப்பானின் முட்டைக்கூட்டைத் தேடிக் கண்டுபிடித்து அதற்குள் தன் முட்டையை இடும். அதன் புழு அந்தக் கூட்டில் உள்ள அத்தனை முட்டைகளையும் தின்று வளரும். அது வீட்டுக்குள் அலைகிறது என்றால் எங்கோ அருகில் கரப்பான் முட்டை இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

பணத்தையும் நேரத்தையும் வீணாக்குபவை

பிரியாணி இலை, கிராம்பு, வேப்பிலை ஆகியவற்றை அலமாரியில் வைத்தால் கரப்பான் இரண்டடி தள்ளிப் போகலாம். வீட்டை விட்டுப் போகாது. நாஃப்தலின் உருண்டையைச் சமையலறையில் போடவே கூடாது. பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் அளவு ஆபத்தானது. ஒலி அலையால் விரட்டுவதாகச் சொல்லி விற்கும் பிளக் கருவிகள் கரப்பானை ஒன்றும் செய்வதில்லை.

அறை முழுவதும் புகையாக நிரப்பும் மருந்துக் குப்பிகளை வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மக்கள் குடியிருந்த வீடுகளிலேயே சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். கரப்பான் எண்ணிக்கை குறையவில்லை. சமையலறைப் பரப்புகளில் மருந்துப் படிவுதான் கூடியது. அதே ஆய்வில் ஜெல் வைத்த வீடுகளில் எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது.

கையடக்க ஸ்பிரேயும் கண்ணெதிரே ஓடுவதைக் கொல்லும். இடுக்கில் இருப்பவற்றை வேறு அறைக்குச் சிதறடிக்கும். அதில் உள்ள வாயு தீப்பற்றக்கூடியது. அடுப்பு எரியும்போது அடிப்பது உயிருக்கே ஆபத்து. ஓடுகிற ஒன்றைக் கொல்லத்தான் வேண்டுமென்றால் பாத்திர சோப்பைக் கரைத்த தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் வைத்திருங்கள். கரப்பான் மூச்சுவிடுவது உடம்பின் பக்கவாட்டுத் துளைகளால். சோப்புத் தண்ணீர் அவற்றை அடைத்துவிடும்.

ஆறாம் படி: அடுக்குமாடியில் தனியாகப் போராடாதீர்கள்

கீழ்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் கூட்டம் இருந்தால் குழாய் செல்லும் டக்ட் வழியாகவும் சுவர் ஓட்டைகள் வழியாகவும் வந்துகொண்டே இருக்கும். சங்கக் கூட்டத்தில் பேசி, ஒரே வாரத்தில் எல்லா வீடுகளிலும் ஜெல் வைப்பது, டக்ட்டின் அடித்தளத்தைச் சுத்தம் செய்வது, சேம்பர்களைப் பார்ப்பது என்று ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் வீட்டில் கரப்பான் இருக்கிறது என்று சொல்வதில் எந்த வெட்கமும் வேண்டாம். ஒரு வீடு மறைத்தால் பத்து வீடும் தொடர்ந்து செலவழிக்கும்.

வேலை முடிந்த பிறகும் மூன்று பொறிகளை நிரந்தரமாக வைத்திருங்கள்: சிங்க்குக்கு அடியில் ஒன்று, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒன்று, கிரைண்டர் மூலையில் ஒன்று. மாதம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு குஞ்சு ஒட்டியிருந்தாலும் அந்த மூலையில் அன்றே நான்கு புள்ளி ஜெல் வைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

ஆட்களை அழைப்பதாக இருந்தால்

பகலிலேயே கூட்டமாக ஓடுகிறது, ஜெல் இரண்டு மாதம் வைத்தும் பொறி நிறைகிறது என்றால் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தை அழைப்பது நியாயம். வருவதற்கு முன்பே, என்ன மருந்து, எந்த வடிவம் என்று கேளுங்கள். பெயரைச் சொல்லத் தயங்குபவரை வீட்டுக்குள் விடாதீர்கள். மருந்து டப்பாவில் பதிவு எண்ணும், நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ண முக்கோணமும் இருக்க வேண்டும். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று குறையும். லேபிள் இல்லாத பாட்டிலில் ஊற்றி வைத்த வெள்ளைத் திரவத்தை ஏற்காதீர்கள். நுவான் என்று பலருக்கும் பழகிப்போன டைகுளோர்வாஸ் இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் முழுமையாகத் தடை செய்யப்பட்டுவிட்டது. மூக்கைத் துளைக்கும் வாடையோடு 'பழைய மருந்துதான் சார் கேட்கும்' என்று யாராவது கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

சமையலறைக்கு ஜெல், வெளிச் சேம்பருக்கும் சாக்கடைக்கும் மட்டும் தெளிப்பு என்று பிரித்துச் செய்பவரே வேலை தெரிந்தவர். டார்ச் எடுத்துக் குனிந்து பார்க்காமல் நேராகப் பம்பைத் தூக்குபவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். முட்டைக்கூடுகள் பொரிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பதால் மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொரு முறை வருவது அதே கட்டணத்தில் சேர்ந்ததா என்று முதலிலேயே கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.